கூப்பன் கொத்தும் உருக் நகரமும்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை எண்டு குழுவில இருக்கிற தம்பி கேட்டவர். விளையாட்டுப் போட்டி, விடுதிச் சாப்பாடு, பிக் மட்ச் எல்லாம் போனமுறையே ஆக்கள் எழுதி முடிச்சிட்டினம், அதால நான் எங்கட சரித்திர சேர் எட்டாம் வகுப்பில படிப்பிச்ச, உலகத்தில முதல் நகரம் எப்பிடி வந்தது எண்ட ஒரு பாடத்தைப் பற்றி எழுதுறன். 70களின்ட தொடக்கத்தில படிச்சவைக்கு ஞாபகம் வரும், மற்றவை சும்மா வாசியுங்கோ.

புத்தகத்தில இருந்தது நாலே நாலு வரி. மனுசன் வேட்டையாடித் திரிஞ்சான், பேந்து பயிர் செய்யப் பழகினான், விளைச்சல் மிஞ்சிச்சுது, நகரம் கட்டினான். சேருக்கு அந்தக் கடைசி ரெண்டு வரியிலதான் கோவம். "மிஞ்சினா நகரம் வருமோடா? கொப்பருக்கு இந்தப் போகம் பத்து மூட்டை மிஞ்சினா அரண்மனையோ கட்டுவார்? ரெண்டை வித்துக் கடனைக் கட்டிப்போட்டு மிச்சத்தை விதைநெல்லுக்கு வைப்பார்" எண்டு கேப்பார், நாங்கள் சிரிப்பம், அவர் சிரிக்கமாட்டார்.

அதுக்கு அவர் காட்டினது துருக்கியில இருக்கிற சத்தால்ஹோயூக் எண்ட பழைய குடியிருப்பு. 1961இலதான் அதைத் தோண்டத் தொடங்கினவை, அந்த நேரம் எங்கட ஊரில இருந்துகொண்டு மனுசன் அதை எங்க வாசிச்சாரோ தெரியாது. கி.மு. 7100 அளவில தொடங்கி ஆயிரம் வருசத்துக்கு மேல அங்க சனம் இருந்திருக்கு, அதுவும் ஆயிரக்கணக்கில, கோதுமை விதைச்சு, ஆடு வளர்த்து, சுவருக்குச் சுவர் ஒட்டின வீடுகள், தெரு எண்டு ஒண்டே இல்லை, கூரையால நடந்து போய் ஏணியால வீட்டுக்குள்ள இறங்கிறது, செத்தவையை வீட்டு நிலத்துக்குக் கீழயே புதைக்கிறது. அவ்வளவு சனம் இருந்தும் அரண்மனை இல்லை, எழுத்து இல்லை, வீடுகளும் ஏறக்குறைய ஒரே பருமன். சாப்பாடு இருந்தது, சனம் இருந்தது, ராசா மட்டும் வரேல்ல. அப்ப புத்தகத்தில இருக்கிற ஏணிப்படி எங்கயோ உடையுதெல்லோ?

சரி, பிறகு நகரமும் ராசாவும் எங்க வந்தது? தெற்கு ஈராக்கில. இங்கதான் சேர் கரும்பலகை நிறைய ரெண்டு ஆறு கீறுவார், சோக் முறியும். அங்க வருசத்துக்கு 200 மில்லிமீற்றர் மழையும் இல்லை, வானத்தை நம்பி விதைக்கேலாது. நைல் நதி எண்டா கோடையில பெருகி ஐப்பசி அளவில வடிஞ்சுபோகும், ஈரச்சேறு கிடக்கும், விதைக்கலாம். யூப்ரடீசும் டைகிரிசும் வடக்கு மலையில பனி உருகிச் சித்திரை வைகாசியிலதான் பெருகும், அது பார்லி வெட்டுற நேரம். தண்ணி வேணுமெண்ட நேரம் இல்லை, வேண்டாமெண்ட நேரம் கரையை உடைச்சுக்கொண்டு வரும். அதால அணைக்கட்டு, வாய்க்கால். ஈராக்கில சோகா மாமி எண்ட இடத்தில கி.மு. 6000 அளவிலயே வாய்க்கால் வெட்டியிருக்கினம்.

தெற்கு ஈராக்கில எரிடு எண்ட ஊரில 1940களில தோண்டினவை, ஒரு சின்ன அறை மாதிரிக் கோயிலுக்கு மேல இன்னொண்டு, அதுக்கு மேல அதைவிடப் பெரிசு எண்டு அடுக்கடுக்காக் கண்டவை. படையல் வச்ச மீன்முள்ளுக் கூடக் கிடந்திருக்கு. படையல் வாற இடத்தில களஞ்சியம் வரும், களஞ்சியம் வந்தா கணக்கப்பிள்ளை வருவான். சேர் கொஞ்சம் இடதுசாரி, அதையும் சேத்துத்தான் கேக்கவேணும்.

பிறகு உருக், அதுவும் தெற்கு ஈராக்கு நகரம். கி.மு. 3100 அளவில அது ஏறக்குறைய 250 ஹெக்டேர், பல்லாயிரம் சனம். சுத்திவர இருந்த குக்கிராமங்கள் காலப்போக்கில குறைஞ்சுபோச்சு, ஆக்கள் நகரத்துக்குள்ள வந்திட்டினம். அங்க தோண்டிற இடமெல்லாம் ஒரே மாதிரி மொத்தமான மண் கிண்ணம், அச்சில அமத்திச் செய்தது, வடிவு ஒண்டுமில்லை, ஆயிரக்கணக்கில கிடக்கு. பாண் சுடுற அச்செண்டும் சிலர் சொல்லுகினம், கனபேர் சொல்லுறது கூலிக்குப் பார்லி அளந்து குடுத்த கிண்ணமெண்டு. முதல் எழுத்துகளில பங்கீட்டுக்கு உள்ள குறியே ஒரு மனுசத் தலையும் அதுக்குப் பக்கத்தில ஒரு கிண்ணமும்தான். சேர் இதைக் கீறிப்போட்டு "இதென்னடா?" எண்டு கேட்க, பின்வாங்கில இருந்து ஒருத்தன் "கூப்பன் கொத்து சேர்" எண்டான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அந்தக் காலம் கொத்தால அளந்து குடுக்கிற பங்கீட்டுக் கூப்பன் அரிசிக்குச் சங்கக்கடையில வரிசையில நிண்டவைக்கு அதுக்குமேல விளக்கம் தேவையில்லை. சேரும் அண்டைக்குத்தான் சிரிச்சவர்.

நான் லண்டனில கவுன்சில் கணக்குப் பிரிவில இருந்து ரிட்டயரானவன், அதால எனக்கு இதில இன்னும் ஒரு ருசி. அந்த ஆரம்ப களிமண் தகடுகளில பத்தில எட்டுக்கு மேல வெறும் கணக்கு, கதையுமில்லை பாட்டுமில்லை. ஒண்டில 29,086 அளவு பார்லி, 37 மாசம், கீழ குஷிம் எண்டு கிடக்கு. ஆளின்ட பேரோ பதவியின்ட பேரோ எண்டு இண்டைக்கும் வாக்குவாதம். ஆளெண்டா உலகத்தில பேர் எழுதப்பட்ட முதல் ஆக்களில ஒருத்தர் ராசாவில்லை, எங்கட கணக்குப் பகுதி ஆள். பிரிட்டிஷ் மியூசியத்தில 56ஆம் அறையில பியர் பங்கீடு எழுதின தகடொண்டு இருக்கு, கி.மு. 3000க்குக் கொஞ்சம் முந்தினது, உள்ளங்கை அளவுதான், ஆனா அந்தத் தலையும் கிண்ணமும் அதில தெளிவாத் தெரியும். காசில்லாமப் பாக்கலாம், பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

சேருக்குத் தெரியாத ஒண்டும் இருக்கு. 1995இல துருக்கியில கோபெக்லி தெபேயைத் தோண்டத் தொடங்கினவை, கி.மு. 9500 அளவு, அஞ்சு மீற்றருக்கு மேல உயரக் கல்தூண்கள், கட்டினவை இன்னும் வேட்டையாடித் திரிஞ்ச ஆக்கள். வயலுக்கு முதலே பெரிய கட்டடம் எண்டா புத்தகத்தின்ட ரெண்டாவது வரிக்கும் கரைச்சல்தான்.

"கூப்பன் கொத்து" எண்டு சொன்னவன் நீர்ப்பாசன இஞ்சினியரா இருந்து இப்ப ரொறன்ரோவில. அவனுக்கு எல்லாம் தண்ணிதான், வாய்க்காலைக் காவல்காக்க ஆள் வேணும், அவன்தான் பிறகு ராசா எண்டு நிப்பான். ராபர்ட் மக்கோமிக் ஆடம்ஸ் எண்ட அமெரிக்கத் தொல்லியலாளர் அந்த ஈராக்கு நிலமெல்லாம் திரிஞ்சு அளந்து, தொடக்கத்து வாய்க்கால் எல்லாம் ஊராக்கள் தாங்களே வெட்டக்கூடிய சின்ன வாய்க்கால், பெரிய வேலையள் அரசு வந்தாப் பிறகுதான் எண்டு எழுதியிருக்கிறார், அதை வட்ஸ்அப்பில போட்டா நாலு பக்கத்துக்கு வொய்ஸ் மெசேஜ் வரும். கோடைக்கு ஒன்றுகூடலுக்கு வாறானாம், வாய்க்கால் வரைபடமும் கொண்டு வாறானாம்.