யாழ்ப்பாணத்தில் இருந்து தூதரகச் சட்டம் படித்தேன்

தூதரகங்கள் எல்லாம் கொழும்பில் இருக்க, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இராஜதந்திர, துணைத்தூதரகச் சட்டம் படித்து என்ன பயன் என்று, எனக்குப் பின்னால் சட்டம் படிக்க வந்த தம்பி தங்கச்சிமார் கேட்கிறார்கள். தாராளமாகப் படியுங்கள் என்பதுதான் என் பதில். அதிலும் துணைத்தூதரகப் பகுதியை, அதாவது வெளிநாட்டில் இருக்கிற தன் நாட்டவரின் காரியங்களைப் பார்க்கிற அலுவலகம் பற்றிய பகுதியை, படிக்க எங்கள் ஊரை விட நல்ல இடம் இந்த நாட்டில் இல்லை என்றே நினைக்கிறேன்.

பாடம் தொடங்கும்போது எல்லாரையும் இழுப்பது கதைகள்தான். 1979 இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. 1984 இல் லண்டனில் லிபியத் தூதரகத்துக்குள் இருந்து சுட்டதில் ஒரு பெண் பொலிஸ் உத்தியோகத்தர் இறந்தார். உள்ளே இருந்தவர்கள் கைதாகாமலே நாடு திரும்பினார்கள். கேட்கும்போது கோபம் வரும், வரத்தான் வேண்டும். ஆனால் கதை தெரிந்தால் மட்டும் பரீட்சையில் விடை எழுத வராது. அதற்குச் சமவாயங்களை, அதாவது நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்களை, கையில் எடுக்க வேண்டும். இராஜதந்திர உறவுகள் பற்றிய 1961 வியன்னா சமவாயத்தில் 53 உறுப்புரைகள். துணைத்தூதரக உறவுகள் பற்றிய 1963 சமவாயத்தில் 79. இவ்வளவுதான். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் சட்டம் படிக்கிற எங்களுக்கு இது பெரிய ஆறுதல். பாடத்தின் மூலம் முழுவதையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்களே வாசித்து முடித்துவிடலாம்.

நான் ஒரு சீ.ஆர். கொப்பியை விரித்து இடப்பக்கம் 1961, வலப்பக்கம் 1963 என்று எழுதத் தொடங்கினேன். பாதி பாடம் அந்தக் கொப்பியில்தான் பிடிபட்டது. உதாரணத்துக்கு, காங்கேசன்துறை வீதியில் ஒரு கார் சைக்கிளில் போனவரை இடித்துவிட்டது என்று வையுங்கள். காரை ஓட்டியவர் கொழும்பில் இருந்து வந்த இராஜதந்திரி என்றால், குற்ற வழக்கும் இல்லை, நட்டஈட்டு வழக்கும் இல்லை. 1961 சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை தருகிற மூன்று விதிவிலக்குகளும் தனிப்பட்ட அசையாச் சொத்து, வாரிசுரிமை, சொந்தத் தொழில் என்பவற்றைப் பற்றியவை. வீதி விபத்து அதில் இல்லை. அவரை அனுப்பிய நாடு விடுபாட்டுரிமையை, அதாவது வழக்கில் இருந்து அவருக்கு இருக்கிற பாதுகாப்பை, கைவிட்டால்தான் வழி. அதே காரை யாழ்ப்பாணத்தில் இருக்கிற துணைத்தூதரக அலுவலர் ஒருவர் ஓட்டியிருந்தால்? 1963 சமவாயத்தின் 43 ஆம் உறுப்புரை, வாகன விபத்தில் மூன்றாம் ஆள் கேட்கும் நட்டஈட்டை விடுபாட்டுரிமைக்கு வெளியே வைத்துவிடுகிறது. சைக்கிள்காரர் வழக்குப் போடலாம்.

கட்டடத்துக்கும் இதே வித்தியாசம் உண்டு. தூதரகம் தீப்பிடித்து எரிந்தாலும் தலைவரின் சம்மதம் இல்லாமல் தீயணைப்புப் படை உள்ளே போக முடியாது. துணைத்தூதரகத்தில் அப்படியான ஆபத்து வந்தால் சம்மதம் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் 2010 இல் திறந்த இந்தியத் துணைத்தூதரகம் இருக்கிறதே, அந்த வாசலைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு முறையும் இதைச் சொல்கிற 1963 சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை எனக்கு ஞாபகம் வரும்.

விடை எழுதும்போது முதலில் ஆளைப் பாருங்கள்: இராஜதந்திரியா, நிர்வாகப் பணியாளரா, துணைத்தூதரக அலுவலரா, கௌரவத் துணைத்தூதுவரா. செய்த காரியம் கடமையோடு சேர்ந்ததா என்பது அதற்குப் பிறகு. 1996 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க இராஜதந்திரச் சிறப்புரிமைகள் சட்டத்தை விட்டுவிடாதீர்கள். எங்களுடைய நீதிமன்றத்தில் சமவாயம் தானாக நடைமுறைக்கு வராது, உள்நாட்டுச் சட்டம் வேண்டும்.

சரி, எனக்கு இந்தப் பாடம் உண்மையில் உறைத்தது 1963 சமவாயத்தின் 36 ஆம் உறுப்புரையில். கைதான வெளிநாட்டவருக்கு, தன் துணைத்தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்கிற உரிமை இருக்கிறது என்பதைத் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் அறிவிக்க வேண்டும். அலுவலர் போய்ப் பார்க்கவும், சட்டத்தரணி ஒழுங்கு செய்யவும் இடம் கொடுக்க வேண்டும். இதை நேரில் பார்க்க ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்துக்குப் போனேன். எல்லை தாண்டிவந்து மீன்பிடித்ததாகப் பிடிபடுகிற தமிழ்நாட்டு மீனவர்களை அங்கேதான் கொண்டுவருவார்கள். பின்வாங்கிலில் இருந்து பார்த்தேன். சாரத்தோடு, செருப்பில்லாமல் நின்ற வயதானவர் ஒருவர், விளக்கமறியல் என்று சொல்லி முடிந்ததும் துணைத்தூதரக அலுவலரிடம் கேட்டது வழக்கைப் பற்றி அல்ல. "வீட்டுக்குச் சொல்லியாச்சுங்களா?" என்றுதான். அலுவலர் தலையாட்டி, ஊர்ப் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இழுவைமடியால் வலை அறுந்து, கடன்பட்டு நிற்கிற எங்கள் கடற்றொழிலாளரின் கோபம் நியாயமானது. அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனாலும் அந்த வயதானவரின் உரிமை, அவர் குற்றம் செய்தாரா என்பதில் தங்கியிருக்கவில்லை. நாளைக்கு வளைகுடா நாட்டில் எங்கள் வீட்டுப் பிள்ளை பிடிபட்டாலும் அதே உறுப்புரையைத்தான் நாங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. புகலிடம் கேட்டுப் போன இடத்தில் கைதாகிற எங்கள் ஆட்கள் பலர், தங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் போய்விடக்கூடாது என்றுதான் பயப்படுவார்கள். 36 அதற்கும் இடம் வைத்திருக்கிறது. அவர் கேட்டால்தான் அறிவிக்க வேண்டும். அவர் வெளிப்படையாக எதிர்த்தால் துணைத்தூதரகம் அவர் சார்பில் நடவடிக்கை எடுக்காமல் ஒதுங்க வேண்டும். ஜெர்மனி அமெரிக்காவுக்கு எதிராகக் கொண்டுவந்த லாகிராண்ட் வழக்கில், இந்த உறுப்புரை தனி மனிதருக்கும் உரிமை தருகிறது என்று 2001 இல் சர்வதேச நீதிமன்றம் தீர்த்தது. எங்கள் மக்களுக்கு அந்தத் தீர்ப்பின் பெறுமதி பெரிது. என் ஆய்வுக் கட்டுரையை இதை வைத்தே எழுதினேன். வாய்மொழிப் பரீட்சையில் கேட்டதும் பெரும்பாலும் இதைத்தான்: கைதி வேண்டாம் என்றால், அவரின் நாடு தன் சொந்த உரிமையை வைத்து உள்ளே வரலாமா? நான் 36 இன் முதலாம் பந்தியின் கடைசி வரியை வைத்து, வரக்கூடாது என்று வாதாடினேன். இன்னும் அப்படித்தான் நம்புகிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 2019 ஜாதவ் தீர்ப்பில் இருந்து தொடங்குங்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய வழக்கு என்பதால் பின்னணி ஓரளவு தெரிந்திருக்கும். ஒற்றன் என்று குற்றம் சாட்டினாலும் துணைத்தூதரகத் தொடர்பை மறுக்க முடியாது என்பதை நீதிமன்றம் அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதிலிருந்து பின்னோக்கி, மெக்சிகோ அமெரிக்காவுக்கு எதிராகக் கொண்டுவந்த வழக்கின் 2004 அவேனா தீர்ப்பு, பிறகு லாகிராண்ட் என்று போங்கள். மூன்றும் நீதிமன்றத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கொப்பி வேண்டியவர்கள் என்னிடம் கேளுங்கள், நகல் எடுத்துத் தருகிறேன்.