மக்காச்சோளத் தட்டையில் உருவான ஆரோக்கிய மாதா

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் வேலை விஷயமாக மெக்சிகோவில் இருந்தேன். "இந்த வருஷம் என்னால வேளாங்கண்ணிக்கு நடக்க முடியாதுடா. நீ இருக்கிற பக்கம் மாதா கோயில் இருந்தா எனக்காக ஒரு கால் வாங்கி வை" என்று போனில் சொன்னாள். கால் என்றால் தகட்டில் செய்த சின்னக் கால் உருவம். நேர்ச்சைக்கு வைப்பது.

மெக்சிகோவில் மாதா கோயிலுக்கா பஞ்சம்? ஆனால் மிச்சோவாகான் மாநிலத்தில், பாட்ஸ்குவாரோ என்ற ஏரிக்கரை ஊரில் இருக்கும் மாதாவின் பெயரைக் கேட்டதும் வேறெங்கும் போகத் தோன்றவில்லை. ஸ்பானிய மொழியில் 'நுவெஸ்த்ரா செனியோரா டி லா சலூத்'. அப்படியே தமிழில் சொன்னால் நம் ஆரோக்கிய அன்னை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை விடிந்ததும் மாநிலத் தலைநகரான மொரேலியாவில் பஸ் ஏறினேன். ஒரு மணி நேரப் பயணம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர், சுற்றிலும் பைன் மரக் காடும் அணைந்த எரிமலைகளும். மே மாதத்திலும் காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் கேட்கிறது. ஓட்டு வீடுகள், வெள்ளைச் சுவர், அடியில் மட்டும் செங்காவி. கடைப் பெயர்ப் பலகைகள்கூட ஒரே மாதிரி: முதல் எழுத்து சிவப்பு, மற்றவை கறுப்பு.

ஊர் நடுவே பெரிய சதுக்கம். மெக்சிகோவில் சதுக்கம் என்றால் ஒரு பக்கம் கோயில் கட்டாயம் இருக்கும். இங்கே இல்லை. நடுவில் ஆயர் வாஸ்கோ டி கிரோகாவின் சிலை நிற்கிறது. மக்கள் அவரை 'டாட்டா வாஸ்கோ' என்கிறார்கள். இந்த ஏரிக்கரையின் பூர்வகுடிகளான புரேபெச்சா மக்களின் மொழியில் டாட்டா என்றால் தகப்பன், நானா என்றால் தாய். அந்த மொழிக்கு உலகில் வேறு எந்த மொழியோடும் உறவு நிறுவப்படவில்லை.

அவர் கதையைச் சொல்லாமல் மாதாவிடம் போக முடியாது. ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள ட்சின்ட்சுன்ட்சான்தான் புரேபெச்சா அரசின் தலைநகரம். ஆஸ்டெக் படைகளால் கடைசிவரை வெல்ல முடியாத அரசு அது. ஸ்பானியர் வந்தபோது அதன் மன்னர் டாங்காஷ்வான் போரிடாமல் பணிந்தார். அப்படியும் 1530-ல் ஸ்பானியத் தளபதி நூன்யோ டி குஸ்மான் அவரைக் கொடூரமாகக் கொன்றான். மக்கள் மலைகளுக்கு ஓடினார்கள். அந்தக் காயத்துக்கு மருந்திடுவதுபோல வந்தவர் கிரோகா. 1531-ல் மெக்சிகோ வந்தபோது அவர் சாமியார்கூட இல்லை, வழக்கறிஞர், நீதிபதி. ஏரியின் வடகரையில் 1533-ல் சான்டா ஃபே டி லா லகூனா என்ற ஊரை உண்டாக்கினார். நிலம் எல்லோருக்கும் பொது, நாளைக்கு ஆறு மணி நேர வேலை, விளைச்சல் தேவைக்கேற்பப் பங்கு, நடுவில் நோயாளிக்கும் வழிப்போக்கருக்கும் ஓர் இல்லம். அப்புறம்தான் மிச்சோவாகானின் முதல் ஆயரானார். 1540-ல் பாட்ஸ்குவாரோவில் கல்லூரி தொடங்கினார். ஊர் ஊராக ஒரு கைத்தொழிலை வளர்த்ததும் அவர்தான் என்கிறார்கள். இன்றைக்கும் செம்புக்கு ஓர் ஊர், மண்பாண்டத்துக்கு ஓர் ஊர் என்றுதான் இருக்கிறது.

இங்கிருந்த மருத்துவமனைக்காக ஒரு மாதா சுரூபம் வேண்டும் என்று அவர் கேட்டார். புரேபெச்சாக் கலைஞர்கள் தங்களுக்குத் தெரிந்த முறையிலேயே செய்துகொடுத்தார்கள். மக்காச்சோளத் தட்டையின் உள்ளே இருக்கும் வெண்சோற்றைப் பொடித்து, ஆர்க்கிட் கிழங்கின் பசையில் குழைத்து உருவாக்குவது. அவர்களுடைய பழைய தெய்வங்களையும் இப்படித்தான் செய்தார்களாம். போருக்குப் போகும்போது சாமியைத் தூக்கிப் போக வேண்டுமே, அதனால் கனமே இல்லாமல். அரசனை இழந்து நின்ற அதே கைகள் தெய்வத்தைப் பிசைந்த அதே மாவில் தாயையும் பிசைந்தன. பேராலயத்தில் நின்றபோது என் மனம் இதையே சுற்றி வந்தது.

பேராலயம் சதுக்கத்துக்கு மேலே மேட்டில் இருக்கிறது. விரித்த கைபோல ஐந்து பகுதிகளோடு பிரம்மாண்டமாகக் கட்டத் திட்டமிட்டார் கிரோகா. நடந்தது ஒரு பகுதிதான், அதைத்தான் இன்று பார்க்கிறோம். உள்ளே நுழைந்ததும் பக்கத்தில் அவருடைய கல்லறை. நிமிர்ந்து பார்த்தால் பீடத்துக்கு மேலே மாதா, 1899-ல் சூட்டிய முடியோடு, பட்டு உடுத்தி, சின்னதாக, அமைதியாக.

எனக்கு முன்னால் ஒரு பெண் வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலில் போய்க்கொண்டிருந்தார். கணவர் தன் சட்டையையும் ஒரு சால்வையையும் மாற்றி மாற்றி அவர் முன்னால் விரித்தபடியே நகர்ந்தார். வேளாங்கண்ணியில் மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் அம்மாவும் இப்படித்தான் போவாள், அப்பா பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நடப்பார். அந்த முழங்கால்களுக்காகத்தான் நான் வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதேன். பக்கத்தில் இருந்த பாட்டி ஒன்றும் கேட்காமல் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

ஆலய முற்றத்துக் கடைகளில் மூலிகை, மெழுகுவர்த்தி, சோள இலையில் சுற்றி அவித்த கொருண்டா என்ற மக்காச்சோளக் கொழுக்கட்டை எல்லாம் விற்கிறார்கள். தகட்டு உருவங்களும் உண்டு: கண், இதயம், கை, குழந்தை, மாடு. ஒரு கால் வாங்கி, சிவப்பு நாடாவில் கோத்துக் காணிக்கைப் பலகையில் குத்தி வைத்தேன்.

ஆலயத்துக்குப் பக்கத்திலேயே டொமினிக்கன் கன்னியர் மடம். அங்கே இருமலுக்கு ஒரு சிரப் விற்கிறார்கள். அதில் சேர்வது அச்சோக்கே என்ற உயிரினம். செவுள் வெளியே தெரிய, வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும் ஒரு வகை சாலமாண்டர். இயற்கையில் இந்த ஓர் ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லை. ஏரியில் அது அழிந்துவருவதைக் கண்ட கன்னியர் மடத்துக்குள்ளேயே தொட்டிகள் கட்டி வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று விஞ்ஞானிகள் அவர்களைத் தேடி வருகிறார்கள், அந்த இனத்தைக் காப்பாற்றும் வழி கேட்டு. மருந்துக்காக ஆரம்பித்தது, ஓர் உயிருக்கே அடைக்கலமாகிவிட்டது.

மறுநாள் ட்சின்ட்சுன்ட்சான். அந்தப் பெயருக்கு ரீங்காரச் சிட்டுகளின் இடம் என்று பொருள். செவ்வகமும் வட்டமும் சேர்ந்த வடிவில் ஐந்து கல்மேடைகள் ஏரியைப் பார்த்து நிற்கின்றன. கீழே துறவற மடத்து முற்றத்தில் முறுக்கேறிய கிழட்டு ஒலிவ மரங்கள், டாட்டா வாஸ்கோ நட்டவை என்கிறார்கள். ஒரு மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பிற்பகலில் படகில் ஹனிட்சியோ தீவுக்குப் போனேன். உச்சியில் விடுதலைப் போர்த் தலைவர் மொரேலோஸுக்கு 40 மீட்டர் உயரச் சிலை. நவம்பர் 1 இரவு இறந்தவர்களுக்காகக் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி விடிய விடிய விழித்திருக்கும் தீவு இதுதான். வழியில் மீனவர்கள் வண்ணத்துப்பூச்சிச் சிறகு போன்ற வலைகளைத் தூக்கிக் காட்டினார்கள். வலை காலி. இந்த ஏரியின் புகழ்பெற்ற வெள்ளை மீன் கிடைப்பதே அரிதாகிவிட்டது. காடு வெட்டிய மலைகளிலிருந்து மண் இறங்கித் தூர்ந்து, கழிவுநீர் கலந்து, மழையும் பொய்த்து ஏரி சுருங்கிக்கொண்டே வருகிறது. ஹராகுவாரோ என்ற தீவு தண்ணீர் வற்றிக் கரையோடு சேர்ந்தே போனது. 2024 வறட்சியில் இதே தண்ணீரை அவகாடோ தோட்டங்களுக்கு லாரியில் அள்ளிப் போனார்கள். படகுக்காரப் பெரியவர் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிக் காட்டினார். பாதியிலேயே சேறு தட்டியது. "ஏரிக்கு உடம்பு சரியில்லை" என்றார். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஸ்பானியத்துக்கே அது புரிந்தது.

கரை இறங்கியதும் நேரே பேராலய முற்றத்துக்குப் போனேன். கடையை மூடிக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டு ஒரு மீன் உருவம் வாங்கினேன். அம்மாவின் காலுக்குப் பக்கத்திலேயே அதைக் குத்தி வைத்தேன்.

இரவு போன் செய்தேன்.

"கால் வச்சியா?"

"வச்சேன்மா. கூடவே ஒரு மீனும் வச்சேன்." ஏரியைப் பற்றிச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: "அங்க மழைக்காலம் எப்போ?"

"அடுத்த மாசம்."

"சரி, அதுக்கும் நான் ஒரு ஜெபமாலை சொல்றேன். நீ காலையில கிளம்புறதுக்கு முன்னாடி மாதாகிட்ட இன்னொரு தடவை போய்ச் சொல்லிட்டு வா."