கரும்பலகையில் ஒன்பது தாலுகாக்கள்

அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டால் நம் தமிழ் சார் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிடுவார். கரும்பலகையில் ஒன்பது பெயர்களை எழுதுவார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். "திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டது இத்தனை" என்பார். பிறகு முதல் நான்கையும் வட்டமிட்டு, செங்கோட்டைக்குப் பாதி வட்டம் போடுவார். "கிடைத்தது இவ்வளவு." கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு நடந்தே போய்விடக்கூடிய பள்ளி நம்முடையது. எல்லை என்பது எங்கோ வரைபடத்தில் இருக்கும் கோடு என்று நாம் ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் பேசியது ஒருவரைப் பற்றித்தான். மார்ஷல் நேசமணி. 1895இல் நம் விளவங்கோடு தாலுகாவின் பள்ளியாடியில் பிறந்தவர். நாகர்கோவிலில் வக்கீலாக நுழைந்தபோது, ஒடுக்கப்பட்ட சாதி வக்கீல்களுக்கு முக்காலியும் மற்றவர்களுக்கு நாற்காலியும் போட்டிருந்ததைப் பார்த்து, முக்காலியைத் தூக்கி எறிந்தார் என்று சார் சொல்வார். சொல்லும்போது மேசை அருகில் கிடக்கும் நாற்காலியைக் கையால் தட்டிக் காட்டுவார். நம்மில் பலரின் தாத்தாக்கள் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தலைவராக நேசமணி நடத்திய அரசியலைச் சார் தேர்தல் கணக்கோடு விளக்குவார். 1954 தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் அந்தக் கட்சிக்கு 12 இடங்கள். பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு 19தான், பெரும்பான்மை இல்லை. ஆனாலும் காங்கிரஸ் ஆதரவோடு ஆட்சியில் அமர்ந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் அந்தப் 19தான். தமிழ் பேசும் தாலுகாக்களின் குரலாகப் பன்னிரண்டு பேர் எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள். தேவிகுளம் பகுதியின் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தடையை மீறிப் போய் அந்த ஆண்டே கைதானார் நேசமணி.

பிறகு ஆகஸ்டு 11. விடுதலை நாள் என்று அறிவித்து ஊர்வலம் போனவர்கள் மீது தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. சார் அப்போது மாணவர். தொடுவெட்டிக் கூட்டத்தில் நின்றிருக்கிறார். அந்த இடம் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கூட வந்தவர்களில் யார் வீடு திரும்பவில்லை என்று அவர் ஒருமுறையும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை. ஆனால் ராம் மனோகர் லோகியாவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உயரும். சுட்டது தன் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் ஆட்சி என்று தெரிந்தும், சிறையில் இருந்தபடியே முதலமைச்சரைப் பதவி விலகச் சொன்னவர் லோகியா. பட்டம் தாணுப்பிள்ளை விலகவில்லை. "தன் கட்சியைத் தட்டிக் கேட்டவனைப் பரீட்சைக்காக இல்லாவிட்டாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்" என்பார் சார்.

1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. கோரிக்கை நிறைவேறியதும் நேசமணி தன் கட்சியைக் காங்கிரசில் இணைத்துவிட்டார். பதவிக்காகக் கட்சியைப் பிடித்து வைத்துக்கொள்ளாத அந்தச் செயலை நான் இன்றும் பெரிதாக மதிக்கிறேன். 1962இலும் 1967இலும் நாகர்கோவில் அவரை மக்களவைக்கு அனுப்பியது. 1968இல் அவர் மறைந்தார். அந்தத் தொகுதியின் இடைத்தேர்தலில் வென்றவர் காமராஜர்.

எங்கள் வீட்டு நிலப் பிரமாணம், அதாவது பத்திரம், மலையாளத்தில் இருந்தது. அப்பாவால் வாசிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் யாரையாவது தேடிப் போவார். அதைப் பார்த்து வளர்ந்ததால் சார் சொன்னவை எனக்குப் பாடமாகத் தோன்றவில்லை.

வளைகுடாவுக்கு வந்தபின் என் அறைத்தோழராக வாய்த்தவர் நெய்யாற்றின்கரைக்காரர். அண்ணனைப் போல என்னைப் பார்த்துக்கொண்டார். விடுமுறையில் ஊருக்குப் போனபோது, ஓய்வுபெற்றுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த சாரிடம் அவரைப் பற்றிச் சொன்னேன்.

"வீட்டில் என்ன பேசுவார்களாம்?" என்று கேட்டார்.

"மலையாளம்தான் சார். பாட்டி மட்டும் தமிழ் பேசுவாராம்."

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த முறை வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வா" என்றார்.