எம்ஜிபி ஜிடிக்கு எந்த இன்ஜின்? அளந்து பார்த்த ஆறு மாதங்கள்

இங்கிலாந்தில் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் 1977ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி காரின் இன்ஜினைச் சென்ற அக்டோபரில் வெளியே இறக்கினேன். 1798 சிசி கொண்ட அந்த பி-சீரிஸ் இன்ஜின் பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்திருந்தது. சூடேறியதும் ஆயில் பிரஷர் முள் படுத்துக்கொண்டது. கிராங்க்கைச் சாணை பிடித்து பேரிங்குகளை மாற்ற ஆகும் செலவைக் கணக்கிட்டபோது, அந்தப் பணத்தில் வேறொரு இன்ஜினையே ஏற்றிவிடலாமே என்ற ஆசை தலைதூக்கியது. எனக்கு நானே ஒரு நிபந்தனை மட்டும் விதித்துக்கொண்டேன்: எந்த இன்ஜினாக இருந்தாலும் அது ஸ்டாக் நிலையிலேயே இருக்க வேண்டும். ஹெட்டைக் குடைவது, வேகமான கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போடுவது போன்ற வேலைகள் கிடையாது.

முதலில் பார்த்தது மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.8 லிட்டர் இன்ஜினை. அது நெடுக்குவாக்கில் பொருந்தும்படியே வடிவமைக்கப்பட்டது; ஐந்து கியர் பெட்டியும் அதனுடனே கிடைத்துவிடும்; ஏறத்தாழ 130 குதிரைத்திறன் என்பது இந்தக் காருக்குத் தாராளம். ஆனால் அதை எடுத்தால் இசியு என்னும் இன்ஜின் கணினி, அதற்கான ஒயரிங், இன்ஜெக்ஷனுக்குரிய அதிக அழுத்தப் பெட்ரோல் பம்ப், டேங்குக்குத் திரும்பும் குழாய் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். நல்ல இன்ஜின்தான், ஆனால் நான் தேடியது பாதிக் காரை மாற்றும் வேலையை அல்ல. எம்ஜிஎஃப் காரின் கே-சீரிஸ் மிக இலேசானது. எனினும் அந்தக் காரில் அது இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்குவாக்கில் அமர்ந்திருப்பதால், அதைத் திருப்பி நிறுத்தும் சிக்கலை எண்ணி அன்றைக்கே விட்டுவிட்டேன்.

மிஞ்சியது ரோவர் வி8. அமெரிக்காவில் 1961இல் ப்யூக் கார்களுக்காக வந்த அலுமினிய இன்ஜினின் வழித்தோன்றல் அது. எட்டு சிலிண்டர் இருந்தும் இரும்பாலான பி-சீரிஸுக்கும் அதற்கும் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. கென் காஸ்டெல்லோ என்பவர் இதை எம்ஜிபியில் ஏற்றி விற்றுக் காட்டிய பிறகு, 1973 முதல் 1976 வரை எம்ஜி கம்பெனியே 137 குதிரைத்திறன் கொண்ட ஜிடி வி8 கார்களை, மொத்தம் 2591, கட்டியது. ரப்பர் பம்பர் வந்த பிறகு கட்டிய சாதாரணப் பாடிகளிலும் அந்த இன்ஜினுக்கான இடம் விடப்பட்டிருப்பதால், என் கார் ஏறக்குறைய தயாராகவே நின்றது. சட்டமும் இதற்குச் சாதகமாக இருந்தது. நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்கு இங்கே வருடாந்தரச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்த விலக்கு போய்விடும். ஆனால் அந்த மாடலுக்குக் கம்பெனியே பொருத்திய மாற்று இன்ஜினைப் பெரிய மாற்றமாகக் கருதுவதில்லை. பதிவுப் புத்தகத்தில் இன்ஜின் விவரத்தைத் திருத்தினால் போதும்.

எந்த ரோவர் வி8 என்பதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். ரேஞ்ச் ரோவரின் 4.6 லிட்டர் கண்ணைப் பறித்தது. ஆனால் அதில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. ஒன்று முன்பக்க மூடியையே மாற்ற வேண்டும், இல்லையேல் எம்எக்ஸ்-5இல் நான் தவிர்த்த இசியுவை இங்கே சுமக்க வேண்டும். ஆகவே ரோவர் எஸ்டி1 காரின் 3528 சிசி இன்ஜினையும், அதன் எல்டி77 கியர் பெட்டியையும் சேர்த்து வாங்கினேன்.

வாங்கிய பிறகுதான் அளந்தேன்; அது என் தவறு. ராக்கர் ஷாஃப்டுகளைக் கழற்றி, ஒவ்வொரு புஷ்ராட் (கேம்ஷாஃப்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கம்பி) தலையிலும் டயல் கேஜை வைத்து, கிராங்க்கைக் கையால் சுற்றினேன். (கேம்ஷாஃப்டுக்கும் புஷ்ராடுக்கும் நடுவே இருக்கும் ஹைட்ராலிக் டேப்பெட் அமுங்கியிருந்தால் வால்வுப் பக்கத்தில் எடுக்கும் அளவு ஏமாற்றும்.) பதினைந்து புஷ்ராடுகள் ஒரே அளவு எழுந்தன, ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் புஷ்ராட் மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் குறைவாக எழுந்தது; கேம்ஷாஃப்ட் அங்கே தேய்ந்திருந்தது. யாரோ பல காலம் ஆயிலை மாற்றாமல் ஓட்டியதன் அடையாளம் அது. அதே ஸ்டாக் அளவில் புதிய கேம்ஷாஃப்டும் பதினாறு டேப்பெட்டுகளும் வாங்க வேண்டியதாயிற்று.

அடுத்தது போனட். கார்புரேட்டர்களின் மேல் எலுமிச்சை அளவு சப்பாத்தி மாவு உருண்டைகளை வைத்து, போனட்டை மெதுவாக இறக்கித் திறந்தேன். எஸ்டி1 காரின் இன்டேக் மேனிஃபோல்டில் (கார்புரேட்டர்கள் அமரும் குழாய்த் தொகுதி) மாவு காகிதமாக நசுங்கி, தகட்டில் உலோகத் தடமும் பதிந்திருந்தது. காஸ்டெல்லோவின் கார்களில் போனட் புடைத்திருந்ததன் காரணம் அன்று புரிந்தது. கம்பெனிக்காரர்கள் கார்புரேட்டர்களைப் பின்னால், இன்ஜின் அறையின் பின்சுவரான பல்க்ஹெட்டை ஒட்டி, நகர்த்தி இதைத் தீர்த்தார்கள். அதே வகை மேனிஃபோல்டைத் தேடிப் பிடித்துப் போட்டபோது மாவு 14 மில்லிமீட்டர் தடிமனில் நின்றது. அன்றிரவு சப்பாத்திக்கு வேறு மாவுதான் பிசைந்தோம்.

பின் ஆக்ஸில் விகிதத்தை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். சாதாரண எம்ஜிபியில் அது 3.909, ஜிடி வி8இல் 3.07. பழைய ஆக்ஸிலையே விட்டால், 3000 சுற்றில் போக வேண்டிய வேகத்துக்கு இன்ஜின் 3800 சுற்று சுற்றும். முதல் கியரோ கிளட்சை விடுவதற்குள் தீர்ந்துவிடும். ஆகவே ஆக்ஸிலும் இப்போது பிரிந்து கிடக்கிறது.

இன்ஜின் இரண்டு போல்டுகளின் பிடியில் உள்ளே அமர்ந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் நடுவே 9 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ரப்பர் மவுண்டில் இன்ஜின் சாயும் என்பதால் அது போதாது. 1993இல் வந்த எம்ஜி ஆர்வி8 காரில் செய்ததைப் போல, இன்ஜின் அறையின் பக்கச் சுவரான உள்விங்கைத் துளைத்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை அதன் வழியே வெளியே கொண்டுபோவது ஒரு வழி. துளை வர வேண்டிய இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். வெட்டும் கருவியை இன்னும் கையில் எடுக்கவில்லை.