சித்தப்பாவின் பங்கு

சித்தப்பாவின் சிறுநீரகச் சிகிச்சைக்குப் புரோநோட்டில் வாங்கிய கடன் கட்ட முடியாமல், காரைக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் பொது வீட்டுக்கு நீதிமன்ற நோட்டீஸ் வந்துவிட்டது. முகப்பு, வளவு என்னும் நடு முற்றம், ஒவ்வொரு பங்காளிக்கும் இரட்டை வீடு என்னும் உள்ளறைகள் என்று 11 பங்காளிகளின் வீடு. ஆத்தா வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்க்க முடியவில்லை.

வக்கீலிடம் கேட்டோம். சித்தப்பாவின் பிரிபடாத பங்கை மட்டும்தான் ஜப்தி செய்ய முடியுமாம், மற்றவர்கள் பங்கைத் தொட முடியாது. அப்புறம், வெளியாள் அதை வாங்கிப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டம் 4ஆம் பிரிவுப்படி, நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குப் பங்காளிகளே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம்.

ஆனால் அதுவரை ஏன் விடவேண்டும்? சென்னையோ சிங்கப்பூரோ, எங்கே இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் எல்லோரும் இதைப் பற்றிப் பேசுவோம். படுக்கையில் கிடந்தபடி சித்தப்பா ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறார். நோயாளி அவர், கேட்கவே கூடாது.