அடைமழையிலும் முட்டை: சுங்கை சிப்புட்டில் என் கோழிக் கொட்டகை

குளிர் நாடுகளில் கோழி வளர்ப்பவர்கள் போடும் வீடியோக்களை நான் விடாமல் பார்க்கிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் சுங்கை சிப்புட்காரிக்குப் பனிக்காலக் கோழி வளர்ப்பு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. கனடாவோ இங்கிலாந்தோ, விவரம் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது குளிரைப் பற்றி அல்ல, ஈரத்தைப் பற்றி. கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. இறகு காய்ந்திருந்தால் தண்ணீர் உறையும் குளிரைக்கூட அது தாங்கும். கொட்டகைக்குள் ஈரம் தங்கும்போதுதான் கொண்டை பனியில் கருகுகிறது, சளி பிடிக்கிறது. நமக்கு உறைபனி இல்லை. ஆனால் அக்டோபர், நவம்பரில் தினமும் மத்தியானத்துக்கு மேல் கொட்டும் மழை இருக்கிறது. போன வருடம் அந்த மழையில் முட்டை பாதிக்கும் கீழே போனது. இந்த வருடம் அவர்கள் பனிக்குச் செய்வதை நான் மழைக்குச் செய்து பார்த்தேன்.

என்னிடம் இருப்பது இரண்டு வகை. பண்ணையில் கழித்து விற்ற சிவப்பு முட்டைக்கோழிகள் சில, கம்பத்துக் கோழிகள் எனும் நாட்டுக்கோழிகள் சில. 2022 கடைசியில் நாடு முழுக்க முட்டைக்குத் தட்டுப்பாடு வந்ததே, அப்போது ஆரம்பித்தது இது. கொட்டகை வீட்டுக்குப் பின்னால், வேலியை ஒட்டி, தகரக் கூரையோடு நிற்கிறது.

செப்டம்பரில், மழை பிடிப்பதற்கு முன்பே கூரையில் கை வைத்தேன். தகரத்தை இரண்டு பக்கமும் மூன்று அடி வெளியே நீட்டினேன், சாரல் உள்ளே வராத அளவுக்கு. பலரும் மழை என்றதும் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டிக் கொட்டகையையே பொட்டலமாக்கி விடுவார்கள். அது கூடவே கூடாது. ராத்திரி முழுக்கக் கோழி விடும் மூச்சும் எச்சத்தின் ஈரமும் வெளியே போக வழி வேண்டும். இல்லாவிட்டால் விடியற்காலையில் தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாகக் கோழியின் முதுகில் விழும். ஆகவே, கம்பில் அடையும் கோழியின் தலை உயரம் வரை மட்டும் பலகை அடைப்பு. அதற்கு மேலே கூரை வரை கம்பி வலை. காற்று தலைக்கு மேலே ஓடும், கோழியின் மேல் நேராக அடிக்காது. மூசாங் என்கிற மரநாய் வராமல் இருக்க வலையின் கண் அரை அங்குலம்தான். மழை ராத்திரியில் மலைப்பாம்பும் கோழியைத் தேடி வரும் ஊர் இது.

தரைதான் இந்த முயற்சியின் உயிர். மண்ணை அரை அடி உயர்த்திக் கெட்டித்து, சுற்றிலும் வாய்க்கால் வெட்டிவிட்டு, ரப்பர் மரச் சாமான் பட்டறையில் வாங்கிய மரச் சீவலை ஆறு அங்குலத்துக்குப் பரப்பினேன். மரத்தூள் வேண்டாம், சீவல்தான் வேண்டும். தூள் ஈரத்தைக் குடித்துக் கட்டியாகிவிடும், காய்ந்தால் பறந்து கோழியின் மூக்கை அடைக்கும். ஈரம் எவ்வளவு என்று பார்ப்பதற்குக் கருவி தேவையில்லை. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரிக்க வேண்டும். உதிர்ந்துவிட்டால் நல்லது. உருண்டையாக நின்றால் அந்த இடத்தை அன்றைக்கே கிளறிவிட்டுப் புதுச் சீவல் போட வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் முதலில் உருண்டை பிடிக்கும். பாத்திரத்தைச் செங்கல் அடுக்கி, கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பக்கத்து வீட்டுப் பாட்டி, தோட்டத்து லயன் வீட்டில் இருந்த காலம் முழுக்கக் கோழி வளர்த்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுக்கிட்டு மோந்து பாக்காத கண்ணு. குந்தி, கோழி மூக்கு இருக்கிற ஒசரத்துல மோந்து பாரு. கண்ணு எரிஞ்சா அதுக்கும் எரியும்" என்றார்.

உண்மை. நின்றால் ஒன்றும் தெரியாத வாடை, குந்தினால் சுள்ளென்று ஏறுகிறது. அதுதான் அமோனியா. மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி, சளி நோய்க்குக் கதவைத் திறந்துவிடுவது அதுதான். வாடைக்குச் சுண்ணாம்பு தூவச் சொல்பவர்கள் உண்டு. ஈரமான எச்சத்தின் மேல் சுண்ணாம்பு விழுந்தால் அமோனியா இன்னும் அதிகமாகத்தான் கிளம்பும். கிளறிவிடுவதும் காய்ந்த சீவல் சேர்ப்பதும்தான் சரி.

அக்டோபர் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. பழைய லோரி டயர் ஒன்றைக் கூரைக்குக் கீழே போட்டு, காய்ந்த மணலும் விறகுச் சாம்பலும் கலந்து நிரப்பினேன். வெளியே எங்கும் காய்ந்த மண் இல்லாத நாட்களில் கோழி எங்கே புழுதிக் குளியல் போடும்? குளிக்காவிட்டால் பேன் ஏறும், பேன் ஏறினால் முட்டை குறையும். டயரைப் போட்ட அன்றே சண்டை போட்டுக்கொண்டு இறங்கின. இறக்கையின் அடியை விரித்துப் பார்த்தால் தோல் சுத்தமாக இருக்கிறது.

குஞ்சுகளைத் தரையில் விடவில்லை. ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமியின் முட்டை, சூடும் ஈரமும் இருந்தால் ஓரிரு நாளிலேயே நோய் பரப்பத் தயாராகிவிடும். நம் ஊர் மழைக்காலத்தில் அந்த இரண்டும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆகவே எட்டு வாரம் வரை குஞ்சுகள் வலைத்தரைக் கூண்டில்தான், எச்சம் கீழே விழுந்துவிடும்படி. வெள்ளைக் கழிச்சலுக்கு, இங்கே சம்பார் என்கிறார்களே அதற்கு, மழைக்கு முன்பே தடுப்பு மருந்து கொடுத்துவிட்டேன். இந்த நோய்க்குச் சூட்டைத் தாங்கும் தடுப்பு மருந்தை, தீவனத்தில் கலந்து கொடுக்கும்படி 1980களில் உருவாக்கியதில் நம் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது எனக்குப் பெருமை. தண்ணீரில் கலந்து கொடுக்கும் வகை என்றால் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து நானும் கொடுக்கிறேன், கோழி விரும்பித் தின்கிறது. ஆனால் தடுப்பு மருந்து செய்யும் வேலையை அது செய்யாது.

தீவனம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த சோளத்தைக் கோழிக்குத்தானே என்று போடுகிறார்கள். அந்தப் பூஞ்சையின் நச்சு ஈரலைக் கெடுக்கும், முட்டையை நிறுத்தும். மூட்டையைத் தரையில் வைக்காமல், மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டிப் பலகைமேல் வைத்திருக்கிறேன். தவுக்கே என்று நாங்கள் சொல்லும் கடைக்காரரிடம் முழு மூட்டை வாங்கினால் விலை குறையும்தான், ஆனால் இந்த மாதங்களில் பாதிப் பாதியாகத்தான் வாங்குகிறேன்.

நவம்பர் தொடக்கத்தில் சிவப்புக்கோழி ஒன்று தோல்முட்டை இட்டது. ஓடே இல்லாமல் கையில் வழுக்கியது. மழையால் வெளியே மேய்ச்சல் குறைந்து, சோற்றையும் மிச்சம் மீதியையும் அதிகம் தின்றதில் சுண்ணாம்புச் சத்து பற்றவில்லை. முட்டை ஓட்டில் ஏறக்குறைய 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். நன்றாக இடும் கோழிக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் அளவு கால்சியம் வேண்டும். சந்தையில் கெராங் எனும் சிப்பி மலிவாகக் கிடைக்கிறது. சமைத்த பிறகு ஓட்டைக் கழுவி, அடுப்பில் வறுத்து, உரலில் இடித்தேன். மாவாக இடிக்கக் கூடாது, பச்சரிசி அளவுக்குக் குறுணையாக இருந்தால்தான் இரைப்பையில் தங்கி, ஓடு உருவாகும் ராத்திரி நேரத்தில் மெதுவாகக் கரையும். தனிக் கிண்ணத்தில் வைத்தேன், தேவைப்பட்டது மட்டும் சாயங்காலத்தில் வந்து கொத்துகிறது. அந்த வாரமே ஓடு கெட்டியானது. அகன்ற முனையில் மணல்போல் சொரசொரப்பாக இருந்தது, அதுவும் போய்விட்டது.

அடுத்தது வெளிச்சம். இங்கிலாந்தில் டிசம்பர் பகல் ஏறக்குறைய 8 மணி நேரம்தான், அதனால்தான் அங்கே கோழி முட்டையை நிறுத்துகிறது. நமக்கு வருடம் முழுக்க 12 மணி நேரத்தை ஒட்டியே பகல். முட்டைக்கோழிக்கு 14 மணி நேரம் இருந்தால் நல்லது. மழை மேகம் நாலு மணிக்கே இருட்டாக்கிவிடும் நாட்களில் இருக்கிற பகலும் குறைகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு சின்ன மஞ்சள் எல்இடி பல்பு எரியும்படி டைமர் வைத்தேன். சாயங்காலத்தில் வைத்தால் பல்பு அணைந்ததும் திடீர் இருட்டில் கோழி கம்பில் ஏற முடியாமல் தரையிலேயே தங்கிவிடும். காலையில் வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. சிவப்புக்கோழிகளில் பலன் தெரிந்தது. மழை உச்சத்திலும் முட்டை இறங்கவில்லை. கம்பத்துக் கோழிகள் பல்பைக் கண்டுகொள்ளவே இல்லை. பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்காரத்தான் போகின்றன. அது அவற்றின் குணம், வெளிச்சத்தால் மாறுவதில்லை.

இப்போது டிசம்பர். முட்டைப் பெட்டிக்கு ஏறும் வழியில் மூங்கில் பட்டை அடித்திருக்கிறேன், கால் சேற்றைத் துடைத்துக்கொண்டு ஏறட்டும் என்று. அழுக்கு முட்டையைக் கழுவினால் மேலே இருக்கும் இயற்கைப் பூச்சு போய்க் கிருமி உள்ளே இறங்கும், அதனால் முட்டை அழுக்காகாமல் பார்ப்பதே மேல். இரண்டு சிவப்புக்கோழிகள் இறகு உதிர்க்க ஆரம்பித்திருக்கின்றன. அவற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் முட்டை இல்லை, கறையானும் நெத்திலித் தலையும் கூடுதலாக உண்டு. அழுகிய செம்பனைத் தண்டுக்குள் கிடைக்கும் காண்டாமிருக வண்டுப் புழுவைத் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்காகக் கோழிகளைவிட நான்தான் அதிகம் காத்திருக்கிறேன்.