ரிசல்ட் வரும் வரை

ஜூலை 18

அப்பாவின் டெஸ்ட் ரிசல்ட். "வந்ததும் நாங்களே கூப்பிடுவோம்" என்றார்கள். கூப்பிடுவார்களாம்.

ஜூலை 19

சும்மா உட்கார்ந்தால் மனசு எங்கெங்கோ போகிறது. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த வேலையை எடுத்துவிட்டேன். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையின் கொலுசுக் கணக்கு. எவரோ எந்தக் காலத்திலோ சி++ என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது, கடை மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் மட்டும் ஓடுகிறது. பட்டறைக்குப் போன வெள்ளி, திரும்பி வந்த கொலுசு, டச் (வெள்ளியின் சுத்தம்), சேதாரம், கூலி எல்லாம் அதற்குள்தான். கணக்கில் கை வைக்கக்கூடாது, ஆனால் மொபைல் பிரௌசரில் ஓட வேண்டும் என்பது முதலாளியின் கண்டிஷன். சரி. சி++-ஐ அப்படியே எம்ஸ்கிரிப்டன் என்ற மாற்றும் கருவியில் கொடுத்து, பிரௌசரே ஓட்டக்கூடிய வெப்அசெம்ப்ளி ஆக்கியாயிற்று. திரையை பிரௌசரின் வழக்கமான மொழியான ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறேன்.

கம்பைல் ஆவது, அதாவது இந்த மாற்றம், ஒரு மணி நேர வேலைகூட இல்லை. தலைவலி எல்லாம் சி++, ஜாவாஸ்கிரிப்ட் இரண்டுக்கும் நடுவில்தான். சி++-இல் இருக்கும் ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்து தரும் துண்டை, இங்கிருந்து கூப்பிடும்போது அந்தப் பக்கம் போகக்கூடியவை அடிப்படையில் எண்கள்தான்: முழு எண்ணில் 32 பிட், 64 பிட், தசமத்தில் 32 பிட், 64 பிட். ஆள் பெயர் போகாது. பட்டியல் போகாது. 2017-இல் நாலு பெரிய பிரௌசர்களுக்கும் வெப்அசெம்ப்ளி வந்தபோதும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான், 64 பிட் முழு எண் மட்டும் அப்போது நேராகப் போகாது. அப்புறம் சிலது சேர்ந்திருக்கிறது, ஆனால் பழைய சி++ கோடுக்கு இன்றைக்கும் இதுதான் கதி.

பெயரைக் கொடுக்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் மெமரியில் இடம் கேட்டு வாங்கி, பைட் பைட்டாக எழுதிவிட்டு, எழுதிய இடத்தின் முகவரியை அனுப்ப வேண்டும். முகவரியும் ஓர் எண்தானே. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கனை மட்டும் கையில் வைத்திருப்பது மாதிரி. டோக்கனைப் பார்த்தால் அது செருப்புக்கா பைக்கா என்று தெரியாது. இரண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

ஜூலை 20

அப்பாவுக்கு நேற்று ராத்திரி இருமலே இல்லை. எழுதி வைக்கிறேன்.

ஜூலை 22

பெயரெல்லாம் தேய்ந்து போகிறது. ஊர் என்ற கட்டத்தில் சேலம் என்று அடித்தால் உள்ளே போய்ச் சேர்வது 'ச'. ஏற்காடு என்று அடித்தால் 'ஏற'. இங்கிலீஷில் அடித்தால் ஒரு குறையும் இல்லை. எனக்கு முன்னால் இந்த வேலையைத் தொட்டுவிட்டுப் பாதியில் விட்டுப்போன புண்ணியவான் இங்கிலீஷில் மட்டும் அடித்துப் பார்த்திருக்கிறார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஜாவாஸ்கிரிப்டிடம் 'சேலம்' என்பதன் நீளம் கேட்டால் 5 என்கிறது: ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி. அது யூடிஎஃப்-16 கணக்கு, எழுத்தை எண்ணாக வைக்கும் ஒரு முறை. அந்தப் பக்கம் சி++ எதிர்பார்ப்பது யூடிஎஃப்-8 என்ற இன்னொரு முறை. அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. முடிவைக் காட்டும் பூஜ்யத்தோடு 16. முன்னால் செய்தவரோ நீளத்தோடு ஒன்றைக் கூட்டி 6 பைட் ஒதுக்கி, அதையே வரம்பாகவும் கொடுத்திருக்கிறார். பூஜ்யத்துக்கு ஒன்று போனால் மீதி 5. 'ச' மூன்றை எடுத்துக்கொள்கிறது, அடுத்த குறிக்கு இரண்டுதான் மிச்சம். பாதிக் குறியை எழுதக்கூடாது என்ற நாகரிகம், பெயரை அந்தப் பக்கம் எழுதும் எம்ஸ்கிரிப்டனின் ஸ்ட்ரிங்டூயூடிஎஃப்8 ஃபங்ஷனுக்கு உண்டு. அங்கேயே நின்றுவிடுகிறது. எர்ரர் கிடையாது, முணுமுணுப்புகூடக் கிடையாது. ஏற்காட்டுக்கு 8 பைட், இரண்டு குறி போய் நிற்கிறது. அதுதான் 'ஏற'.

பைட்டை எண்ணிச் சொல்ல லெங்த்பைட்ஸ்யூடிஎஃப்8 என்று ஒரு ஃபங்ஷன் பக்கத்திலேயே கிடக்கிறது. அதைப் போட்டதும் சேலம் முழுசாக வந்துவிட்டது. இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரே பைட், அதனால் அவர்கள் ஊரில் இந்தக் கோளாறு ஆயுசுக்கும் வெளியே வராது. நாம் தமிழில் பெயர் அடித்தால்தான் வரும். இந்த எரிச்சல் எனக்கு நாள் முழுக்கப் போகவில்லை. எரிச்சல் அதன் மேல்தானா என்றும் தெரியவில்லை.

ஜூலை 23

அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன சாமி, நம்ம ஊர் பேரையே திரும்பத் திரும்ப அடிச்சிட்டிருக்க?" சொன்னேன். பாதி கேட்டார். திரையில் டச் 65 என்று பார்த்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தார். அந்த ஆள்காட்டி விரல் நுனியில் ரேகையே கிடையாது. இத்தனை வருஷம் பட்டறையில் சூட்டுப் பொடியும் கம்பியும் பிடித்த விரல். ஆதாருக்குப் போனபோது மிஷின் அதை ஏற்கவே மாட்டேன் என்றது.

"சேதாரத்தக் கொண்டுபோய் அடியில வச்சிருக்கியே. பட்டறைக்காரன் மொதல்ல அதத்தான் பாப்பான்."

மேலே ஏற்றிவிட்டேன். முதலாளி கேட்டால் அப்பா சொன்னார் என்பேன்.

ஜூலை 25

சேதாரம் 0.1 கிராம் என்று அனுப்பினால் திரும்பி வருவது 0.10000000149011612. அந்த ஃபங்ஷன் மட்டும் 32 பிட் தசமம் வாங்குகிறது. 0.1-ஐ கம்ப்யூட்டரின் இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 மட்டும் வைத்து எழுதும் கணக்கில், சரியாக எழுதவே முடியாது. ஜாவாஸ்கிரிப்டின் எண் 64 பிட், அங்கே பிழை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கிறது. 32-க்குள் சுருக்கி மறுபடி 64 ஆக்கும்போது வால் வெளியே நீட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால் 92.5 டச் அப்படியே வருகிறது. அரை என்பது இரண்டடிமானத்தில் சரியாக விழும் எண். ஆக சோதித்தவர் 92.5-ஐப் போட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று எழுந்து போயிருப்பார்.

எடையை மில்லிகிராமில் முழு எண்ணாக அனுப்பப்போகிறேன். வெள்ளி விஷயத்தில் தசமத்தை நம்பக்கூடாது.

ஜூலை 26

கூப்பிடவில்லை.

ஜூலை 28

நானே ஃபோன் செய்தேன். சிஸ்டத்தில் பெண்டிங் என்று காட்டுகிறதாம். எந்த சிஸ்டம், யாரிடம் பெண்டிங், ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அடுப்படியில் நின்றபடியே என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, இன்னும் வரல" என்றேன். இதைச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

மதியத்துக்கு மேல் வேறு ஒன்று. கூலி என்ற கட்டத்தில் 1,25,000 என்று கமாவோடு அடித்தால் உள்ளே 0 என்று பதிவாகிறது. கமா இருப்பதால் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது எண்ணே அல்ல. எண் அல்லாததை 32 பிட் முழு எண் இடத்தில் வைத்தால் பூஜ்யமாகிவிடும். ஆர்க்யுமெண்டையே, அதாவது ஃபங்ஷனுக்குத் தர வேண்டிய மதிப்பையே, கொடுக்காமல் விட்டாலும் அதே பூஜ்யம். தசம இடமானால் 'எண் இல்லை' என்றே போகும், கூட்டலில் எங்காவது தலை காட்டிவிடும். முழு எண்தான் பயங்கரம். கூலி இல்லை என்பதும் கூலி வந்து சேரவில்லை என்பதும் உள்ளே ஒன்றுதான். பேசாமல் பில் போட்டுக் கொடுத்துவிடும்.

வாசலில் ஒரு காவல் போட்டேன். எண் இல்லாதது எதுவும் தாண்டக்கூடாது. இதை அந்தப் பக்கத்தில் செய்ய முடியாது. அங்கே போய்ச் சேர்ந்தபின் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஜூலை 30

அண்ணனோடு சண்டை. அப்பாவிடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்று. வருவதற்கு முன்னாலேயே.

ஆகஸ்ட் 1

மாசக் கணக்கு பக்கத்தைத் திறந்தால் மொத்த எடை காலியாக வருகிறது. சின்னப் பட்டியலுக்கு வருவதில்லை, பெரிய பட்டியலுக்கு மட்டும்தான். ராத்திரி ஒரு மணி வரை அதோடுதான் இருந்தேன், தூக்கமும் வரவில்லை.

உள்ளே இருக்கும் மெமரி 64 கேபி பக்கங்களாக வளரும். சி++ இன்னும் இடம் கேட்டு அது வளர்ந்த நிமிஷமே, அதை எட்டிப் பார்க்க ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் பிடித்து வைத்திருந்த பழைய ஜன்னல் செத்துவிடுகிறது. ஜன்னலாக இருந்த அர்ரே (எண்களின் வரிசை) அங்கேயே இருக்கும், நீளம் 0. எதைக் கேட்டாலும் 'தெரியாது'. சின்னப் பட்டியலுக்கு வளர வேண்டிய அவசியமே இல்லை, அதனால் பிழையும் இல்லை. எம்ஸ்கிரிப்டன் தன் கையில் இருக்கும் ஜன்னலைப் புதுப்பித்துக்கொள்கிறது. நாம் ஒரு தரம் எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டதை அது எப்படிப் புதுப்பிக்கும்? ஒவ்வொரு முறை எட்டிப் பார்க்கும்போதும் புதிதாகத் திறக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. தெருவில் பாதிப்பேர் மேட்டூருக்குப் போய்விட்டார்கள். அம்மா வீட்டிலேயே படையல் போட்டாள், கலந்த சாதம் நாலு வகை. அப்பா புளி சாதத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். அம்மா திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்கூட நறுக்கவில்லை.

இன்றைக்கு லேப்டாப்பைத் தொடவில்லை. தொடவில்லை என்பது பொய். தினசரி எடையைக் கூட்டி வைக்கும் இடத்தில் சி++ காரர் 64 பிட் எடுத்திருக்கிறார். மில்லிகிராமில் வைத்தால் 32 பிட் 2,147 கிலோவோடு நிரம்பிவிடும், கெட்டிக்காரர், யோசித்திருக்கிறார். ஆனால் அந்த 64 பிட் இந்தப் பக்கம் வரும்போது பிக்இண்ட் என்ற தனி ஜாதியாக வருகிறது. சாதாரண எண்ணோடு கூட்டினால் எர்ரர், தகவலை எழுத்தாக்கி அனுப்பும் ஜேசன் வடிவமாக்கினால் எர்ரர், திருப்பி அனுப்பும்போது சாதாரண எண்ணாகக் கொடுத்தால் அதற்கும் எர்ரர். முன்பெல்லாம் இரண்டு 32 ஆகப் பிளந்து அனுப்புவார்கள், அதற்கு இது தேவலை. குறைந்தபட்சம் சத்தம் போடுகிறது. சத்தம் போடும் பிழை எனக்குப் பிடிக்கும்.

வந்ததும் சாதாரண எண்ணாக மாற்றிவிடுகிறேன். 9,007,199,254,740,991 வரை அது பிசகாது. அத்தனை மில்லிகிராம் என்றால் 90 லட்சம் டன் வெள்ளி. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு எல்லாப் பட்டறையும் சேர்ந்து எத்தனை தலைமுறை ஊதினாலும் அதைத் தொடாது.

ஆகஸ்ட் 5

"ஏற்காட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டு வரலாமா சாமி?" என்று அப்பா. சேர்வராயன் கோயில் குகை வரை போக வேண்டுமாம். இத்தனை கொண்டை ஊசி வளைவில் இவரை வைத்துக்கொண்டா? மழை நிற்கட்டும் என்றேன். மழையே இல்லை.

ஆகஸ்ட் 6

கடைக்காரர்கள் டேபை மூடவே மாட்டார்கள். காலையில் திறந்தால் ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை அப்படியே கிடக்கும். மெமரி ஏறிக்கொண்டே போகிறது. பெயருக்காக இடம் வாங்கினோமே, அதைத் திருப்பிக் கொடுத்தது யார்? ஒருவரும் இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் குப்பை பெருக்க ஆள் உண்டு, ஆனால் அந்த ஆளுக்கு இந்த மெமரிக்குள் எது குப்பை, எது சரக்கு என்று தெரியாது. அதற்கு அது மொத்தமும் ஒரே பைட் மூட்டை. வாங்கியவரே ஃப்ரீ செய்ய, அதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும், சி++ ஆப்ஜெக்டை எம்ஸ்கிரிப்டனின் எம்பைண்ட் என்ற இணைப்பு வழியாக எடுத்திருந்தால் டெலீட் என்று சொல்லியே தீர வேண்டும். தானாக விடுவிக்க ஃபைனலைசேஷன் ரெஜிஸ்ட்ரி இருக்கிறதே என்பார்கள். அது எப்போது நடக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. வந்ததும் கூப்பிடுவோம் என்கிற வகை.

எழுதிய ஒவ்வொரு இடமாகத் தேடி ஃப்ரீ போட்டுக்கொண்டு வருகிறேன். நடுவில் எர்ரர் வந்தாலும் ஓடும்படி ஃபைனலிக்குள். பில் பக்கம் மட்டும் பாக்கி.

ஆகஸ்ட் 7

சேலம் குகைப் பகுதியில் ஆடித் திருவிழா வண்டி வேடிக்கை. அண்ணன் குழந்தைகளைக் கூட்டிப்போனான். சாமி வேஷம் கட்டி வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களை வீடியோ எடுத்து அனுப்பினான். அப்பா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, வேஷத்துக்குள் யார் இருப்பது என்று கண்டுபிடிக்க முயன்றார். ஒருவரைச் சரியாகவே சொன்னார்.

பட்டறைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தரம் சி++ பக்கம் தாண்டிப் போய்க் கேட்பதை நிறுத்தி, மொத்தப் பட்டியலையும் ஒரே தடவையில் எழுதிவைத்து ஒரே கூப்பிடலில் முடித்தேன். பட்டியல் கண் மூடித் திறப்பதற்குள் வருகிறது. கூப்பிடுவது மலிவுதான். ஒவ்வொரு தடவையும் பெயரை யூடிஎஃப்-8 ஆக்கி, திரும்ப 16 ஆக்கியதுதான் நேரத்தைத் தின்றிருக்கிறது.

ஆகஸ்ட் 8

9.40-க்கு ஃபோன். ரிப்போர்ட் ரெடியாம். "கூட ஒருத்தர் வந்தா நல்லது" என்றாள் அந்தப் பெண். எல்லோருக்கும் அப்படிச் சொல்வார்களா என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குள் வைத்துவிட்டாள். அண்ணன் வண்டியை வெளியே எடுத்துவிட்டான், ஹாரன் அடிக்கிறான். பில் பக்கத்தில் டெலீட் இன்னும் போடவில்லை, முதலாளி மத்தியானம் பார்க்கிறேன் என்றிருக்கிறார், சாயங்காலம் என்று அவருக்கு ஒரு மெசேஜ்